கடைசி இருக்கையில் அமர்வது யார்?

ஞாயிறு திருப்பலி முடிந்த வேளையில் நம் ஆலய முற்றங்களில் நிற்கும் வண்டிகளைச் சற்றே கவனித்தால், காலம் எவ்வளவு மாறிவிட்டது என்பது விளங்கும். மிதிவண்டிகளும் மொபெட்டுகளும் சாய்த்து வைக்கப்பட்டிருந்த வேப்பமர நிழலில் இன்று ஆள் உயரத்திற்கு நிமிர்ந்த பெரிய கார்கள் நிற்கின்றன. மூன்று வரிசைகளில் ஆறு முதல் எட்டுப் பேர் வரை அமரத்தக்க வண்டிகள் அவை. எஸ்.யு.வி. என்ற பெயர் இன்று பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். "அடுத்த ஆண்டுக்குள் நாமும் ஒன்று வாங்கிவிட வேண்டும்" என்ற பேச்சு எழாத இல்லங்கள் குறைந்து வருகின்றன.

இவ்வாசையைப் பழிப்பது நம் நோக்கமன்று. தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும் என்பது நல்ல எண்ணமே. திருமணத்திற்கும், ஞானஸ்நானத்திற்கும், துக்க வீட்டிற்கும், வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் இருவர் பேருந்திலும் நால்வர் காரிலுமாகப் பிரிந்து செல்லும் தொல்லையை அனுபவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் இத்தகைய வண்டி எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது? குடும்பத் தலைவர் ஷோரூமுக்குச் செல்கிறார். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்க்கிறார். சாலை முழுவதும் தாழ்வாகத் தெரிகிறது. எதிரே பெரிய திரை ஒளிர்கிறது. கூரைக் கண்ணாடி விலகி வானம் தெரிகிறது. பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துத் திரும்புகிறார். கடைசி வரிசையில் ஒருவரும் அமர்ந்து பார்த்ததில்லை. வண்டி வீட்டுக்கு வந்த பின் அந்த இடம் யாருக்கு ஒதுக்கப்படுகிறது? சிறு பிள்ளைகளுக்கும், "எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் சரிதான்" என்று சொல்லியே பழகிய பாட்டிக்கும். மூன்றாம் வரிசைக்காகவே பல இலட்சம் கொடுத்து வாங்கும் வண்டியை, மூன்றாம் வரிசையில் ஒரு நாளும் அமராதவரே தேர்ந்தெடுக்கிறார். இம்முறையைத் தலைகீழாக மாற்றி, கடைசி இருக்கையிலிருந்து வண்டியைப் பார்க்கத் தொடங்குவோம் என்பதே இம்மாதம் நாம் முன்வைக்கும் வேண்டுகோள்.

பெயர் பெரிது, இடம் சிறிது

மூன்று வரிசை வண்டிகளின் முன்னோடிகளுள் ஒன்று அமெரிக்காவில் தோன்றியது. செவ்ரோலே நிறுவனம் 1935-ஆம் ஆண்டு 'சபர்பன்' என்ற வண்டியை வெளியிட்டது. சிறு லாரியின் அடிச்சட்டத்தின்மீது எட்டுப் பேர் அமரத்தக்க கூட்டினை அமைத்து உருவாக்கிய வண்டி அது. அப்பெயர் இன்றும் தொடர்கிறது. 2021-ஆம் ஆண்டின் மாதிரியாக வெளிவந்த சபர்பன் 5.7 மீட்டருக்கு மேல் நீளமும் 2 மீட்டருக்கு மேல் அகலமும் உடையது. மூன்று வரிசைகளிலும் ஆட்கள் அமர்ந்த பின்னும், பின்புறம் ஆயிரம் லிட்டருக்கு மேல் சாமான் வைக்க இடம் இருக்கும். 'முழு அளவு எஸ்.யு.வி.' என்று அந்நாட்டார் சொல்வது இதைத்தான்.

நம் நாட்டில் 1994-இல் டாடா சுமோ வந்தது. 2000-இல் டொயோட்டா குவாலிஸ், 2002-இல் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ, 2005-இல் இன்னோவா, 2012-இல் மாருதி எர்ட்டிகா என வரிசையாகப் பல வந்தன. டாடா நிறுவனம் 1998-இல் வெளியிட்ட சஃபாரி என்ற பெயரையே 2021-இல் புதியதொரு மூன்று வரிசை வண்டிக்குச் சூட்டியது. அப்புதிய சஃபாரியின் நீளம் ஏறத்தாழ 4.7 மீட்டர். பெரியது என்று நாம் வியக்கும் ஃபார்ச்சூனர் 4.8 மீட்டர். எர்ட்டிகா 4.4 மீட்டர்.

சபர்பனோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஒரு மீட்டரோ அதற்கு மேலோ குறைகிறது. நம் ஊர்த் தெருக்களுக்கும் ஆலயச் சந்துகளுக்கும் அவ்வளவு நீள வண்டி ஆகாது என்பது உண்மையே. ஆயினும் அந்த ஒரு மீட்டர் எங்கிருந்து குறைக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். முன் இருக்கையிலிருந்து அன்று. கடைசி வரிசையில் அமர்பவரின் கால்களிலிருந்தும், அவருக்குப் பின்னால் உள்ள டிக்கியிலிருந்துமே அது குறைக்கப்படுகிறது. ஆகவே 'ஏழு பேர் அமரலாம்' என்ற விளம்பரத்தைப் படிக்கும்போது, எந்த ஏழு பேர், எவ்வளவு தொலைவுக்கு என்ற இரு கேள்விகளை நாமே சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

முதற்கேள்வி வீட்டிலேயே

ஷோரூமுக்குச் செல்லுமுன் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மூன்று திங்களுக்கு, குடும்பத்தில் யார், எங்கே, எத்தனை பேராகச் சென்றனர் என்பதை நாள்தோறும் ஒரு வரியில் எழுதி வாருங்கள். வேலைக்குச் சென்றது, பள்ளிக்குச் சென்றது, மருத்துவமனைக்குச் சென்றது, சொந்த ஊருக்குச் சென்றது என எல்லாவற்றையும் குறியுங்கள். முடிவில் ஆறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒன்றாகச் சென்ற நாள்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

முதிய பெற்றோர் உடன் வாழும், மூன்று பிள்ளைகள் உள்ள இல்லத்தில் அந்த எண்ணிக்கை வாரத்திற்கு ஒன்றோ இரண்டோ ஆகலாம். அவர்களுக்கு மூன்றாம் வரிசை உண்மையான தேவை. நால்வர் மட்டுமே உள்ள இல்லத்தில், உறவினர் வந்து தங்கும் விடுமுறையையும் திருவிழாவையும் சேர்த்தாலும், அது ஆண்டுக்குப் பத்து நாளைத் தாண்டாமல் போகலாம். அந்தப் பத்து நாளுக்கு ஒரு வேனையோ பெரிய காரையோ ஓட்டுநருடன் வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, மற்ற நாள்களுக்கு ஐவர் அமரும் கார் ஒன்றை வைத்துக்கொள்வது அறிவுடைமை. இதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

வாடகைக்கு அமர்த்தும்போது மஞ்சள் எண்பலகை உடைய வண்டியையே அமர்த்துங்கள். தெரிந்தவர் ஒருவர் தம் சொந்த வண்டியை, வெள்ளை எண்பலகையுடன், குறைந்த தொகைக்கு அனுப்புவதாகச் சொல்லக்கூடும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதிலும் இடர்ப்பாடு நேரும்.

பாட்டியை உடன் அழைத்துச் செல்லுங்கள்

தேவை உண்டு என்று தெளிந்த பின், ஷோரூமுக்குக் குடும்பமாகவே செல்லுங்கள். வீட்டில் மிக மூத்தவரையும் மிக இளையவரையும் அழைத்துச் செல்வது இன்றியமையாதது. எல்லாரும் தத்தம் இடத்தில் அமர்ந்து, கதவுகளை மூடி, ஏ.சி.யை இயக்கி, குறைந்தது அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து வேளாங்கண்ணிக்கு 300 கிலோமீட்டருக்குக் குறையாது. அத்தனை நேரம் கடைசி வரிசையில் அமர வேண்டியவர் ஷோரூமில் அரைமணி நேரமாவது அமர்ந்து பார்ப்பது நியாயந்தானே?

முதலில் ஏறும் உயரத்தைப் பாருங்கள். பெரிய வண்டிகளில் இரு வகைக் கட்டமைப்பு உண்டு. லாரியைப் போல் ஏணி வடிவான இரும்பு அடிச்சட்டத்தின்மேல் உடற்பகுதியைத் தனியே பொருத்துவது ஒன்று. ஃபார்ச்சூனரும் 2016-இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவும் இவ்வகை. அடிச்சட்டமும் உடற்பகுதியும் ஒன்றாகவே அமைந்த கூடு மற்றொன்று. 2021-இல் வந்த சஃபாரி, அதே ஆண்டில் வந்த எக்ஸ்.யு.வி. 700, 2022-இன் இறுதியில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் ஆகியவை இவ்வகை. ஏணிச் சட்டம் கரடுமுரடான பாதைக்கும் மிகுந்த பாரத்துக்கும் தாங்கும். ஆனால் அதன் தளம் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். முழங்கால் வலியுள்ள மூதாட்டி அதில் ஏற யாராவது கை கொடுக்க வேண்டும். தளம் உயர்வதால் கடைசி வரிசையில் பாதத்துக்கும் இருக்கைக்கும் இடையே உயரம் குறைந்து, முழங்கால்கள் மார்பளவுக்கு மேலெழும். அந்நிலையில் ஒரு மணி நேரம் இருப்பதே கடினம். கல்லும் மேடுமான வழியில் நாள்தோறும் செல்லாத குடும்பம் உயரத்துக்காக மட்டும் ஏணிச் சட்டத்தை நாட வேண்டியதில்லை.

இன்னோவா, எர்ட்டிகா போன்றவற்றை வணிகர்கள் எஸ்.யு.வி. என்று சொல்லாமல் எம்.பி.வி. என்பார்கள். பெயரில் மிடுக்குக் குறைவாக இருக்கலாம். ஆனால் கடைசி வரிசையில் நீண்ட நேரம் அமர்பவருக்கு, மிடுக்கான பல எஸ்.யு.வி.க்களைவிட அவை இதமாக இருக்கக் காண்கிறோம். பெயரைப் பாராமல் இருக்கையைப் பாருங்கள்.

அடுத்து, கடைசி வரிசைக்குச் செல்லும் வழி. சில வண்டிகளில் நடு வரிசையில் இரண்டு தனி இருக்கைகள் இருக்கும். இடையே நடந்து பின்னால் செல்லலாம். சிலவற்றில் நடு இருக்கையை மடித்துக் கவிழ்த்துத்தான் பின்னால் போக முடியும். நடு வரிசையில் குழந்தை இருக்கை கட்டப்பட்டிருந்தால் அவ்விருக்கையைக் கவிழ்க்க இயலாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் இது அன்றாடச் சிக்கலாகும். கடைசி வரிசையில் அமர்ந்தவர் வெளியிலிருந்து எவரும் உதவாமல் தாமாகவே இறங்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். விபத்தின்போதோ தீயின்போதோ அதுவே உயிர் காக்கும்.

குளிர்காற்று வரும் துவாரம் பின்வரிசைக்கு உண்டா? சன்னல் கண்ணாடி கண்மட்டத்தில் இருக்கிறதா? வெளியே பார்க்க முடியாமல் அடைபட்டு அமரும் பிள்ளைகளுக்கு மலைப்பாதையில் குமட்டல் வருவது இயல்பு. இவற்றைக் கேட்டுக் கேட்டுச் சரிபார்ப்பதால் விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நட்சத்திரம் சொல்லாத செய்தி

மோதல் சோதனையில் ஒரு வண்டி ஐந்து நட்சத்திரம் பெற்றது என்று விளம்பரங்களில் காண்கிறோம். நம் நாட்டுக்கென 'பாரத் என்.சி.ஏ.பி.' என்ற சோதனை முறை 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் முதன்முதலாக ஐந்து நட்சத்திரம் பெற்றவற்றுள் சஃபாரியும் ஒன்று. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். வண்டி வாங்குவோர் நட்சத்திரத்தைக் கேட்டு வாங்குவது நல்ல பழக்கமே.

எனினும் அந்நட்சத்திரம் எதைச் சொல்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். முன்புற மோதல் சோதனையில் வண்டி 64 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடுப்பின்மீது மோதவிடப்படுகிறது. முன் இருக்கைகளில் வளர்ந்தோர் அளவிலான இரு பொம்மைகளும், நடு வரிசையில் குழந்தை இருக்கைகளில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தை அளவிலான இரு பொம்மைகளும் வைக்கப்படுகின்றன. மூன்றாம் வரிசையில் பொம்மை வைக்கப்படுவதில்லை. ஆகவே வண்டியின் உடல் உறுதியானது என்று நட்சத்திரம் சொல்லும். கடைசி இருக்கையில் அமர்ந்த பிள்ளைக்கு என்ன நேரும் என்று அது நேராகச் சொல்வதில்லை. சோதனை விதிகளும் காலத்துக்குக் காலம் கடுமையாகின்றன. குளோபல் என்.சி.ஏ.பி. அமைப்பு 2022-இல் தன் விதிகளைக் கடுமையாக்கிற்று. அதற்கு முன் பெற்ற நட்சத்திரத்தையும் பின் பெற்ற நட்சத்திரத்தையும் ஒரே தராசில் வைத்தல் தகாது.

ஆகவே கடைசி வரிசையை நாமேதான் சோதிக்க வேண்டும். அங்கே ஒவ்வோர் இருக்கைக்கும் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் சீட் பெல்ட் உண்டா? அமர்பவரின் தலை உயரத்துக்கு ஏற்றபடி தலைத்தாங்கி உயருமா? பக்கவாட்டில் விரியும் ஏர்பேக் கடைசி சன்னல் வரை நீள்கிறதா, நடு வரிசையோடு நின்றுவிடுகிறதா? தலைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது? பின்னால் வரும் லாரி இடித்தால் முதலில் நசுங்குவது அவ்விடந்தான்.

பழைய வண்டி வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. டிக்கிப் பகுதியில் எதிரெதிரே பார்த்தபடி பக்கவாட்டில் அமரும் பலகை போன்ற இருக்கைகள் பல பழைய வண்டிகளில் உண்டு. திடீரென வண்டி நிற்கும்போது அதில் அமர்ந்தவர் பக்கவாட்டில் முன்னோக்கி வீசப்படுவார். அத்தகைய இருக்கையைச் சாமான் வைக்கும் இடமாகக் கருதுங்கள்; பிள்ளைகளை அமர்த்தாதீர்கள்.

பின்னால் அமர்வோர்க்குச் சீட் பெல்ட் தேவையில்லை என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி நின்றால், உள்ளே கட்டப்படாத உடல் அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போகும். 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ நான்கு மாடிக் கட்டடத்திலிருந்து, கீழே விழுபவர் தரையைத் தொடும் வேகம் அதுவே. கடைசி வரிசையில் கட்டாமல் அமர்ந்தவர் தாம் மட்டும் அடிபடுவதில்லை. தமக்கு முன்னால் இருப்பவரையும் நசுக்குவார். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மும்பைக்கு அருகே பால்கர் மாவட்டத்தில் கார் விபத்தில் இறந்தபோது, பின்னிருக்கையில் இருந்தவர்கள் சீட் பெல்ட் அணியவில்லை என்று காவல்துறையினர் தெரிவித்தனர். விலை உயர்ந்த வண்டியும் கட்டாத உடலைக் காப்பதில்லை.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, சீட் பெல்ட் அணியாததற்கும், 14 வயது நிறையாத பிள்ளையை உரிய பாதுகாப்பின்றி ஏற்றிச் செல்வதற்கும் 1000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்று தாய்மார் நினைப்பது இயல்பே. ஆனால் மோதலின் கணத்தில் எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தை பல மடங்கு கனத்து, எந்தத் தாயின் பிடியிலிருந்தும் நழுவிவிடும். வண்டிக்கு அலங்கார உதிரிகள் வாங்கும் முன், அப்பணத்தில் குழந்தை இருக்கை ஒன்று வாங்குங்கள்.

உயரமும் பாரமும்

உயரமான வண்டிக்குக் கம்பீரம் உண்டு. கவிழும் அபாயமும் உண்டு. எடையின் மையம் மேலே செல்லச் செல்ல, திடீரெனத் திருப்பும்போது வண்டி நிலை தடுமாறும். ஏழு பேரும் ஏறிய பின் டிக்கியில் இடம் இல்லாமல் போவதால், பெட்டிகளும் மூட்டைகளும் கூரை மேல் கேரியருக்கு ஏறுகின்றன. எடையின் மையம் இன்னும் மேலே போகிறது.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு நடந்தது இங்கே நினைவுகூரத்தக்கது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறத்தாழ 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஓடும்போதே டயரின் மேற்பட்டை பிரிந்து, பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்ற எஸ்.யு.வி. வண்டிகள் கவிழ்ந்தன. 271 உயிரிழப்புகள் இத்துடன் தொடர்புடையன என அந்நாட்டு அரசின் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டது. குறை டயரிலா வண்டியிலா என்று இரு நிறுவனங்களும் வாதிட்டன. வெப்பம், வேகம், பாரம், குறைந்த காற்று ஆகியவை கூடும்போது டயர் சிதையும் என்பதும், உயரமான வண்டி அப்போது கவிழக்கூடும் என்பதும் ஐயத்துக்கு இடமின்றி உலகுக்குத் தெரிந்தன. அதன் விளைவாக டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியை அந்நாடு கட்டாயமாக்கிற்று. வண்டி சறுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியே கட்டுப்படுத்தி நிலைப்படுத்தும் ஈ.எஸ்.சி. என்ற கருவி 2012-ஆம் ஆண்டின் மாதிரிகள் முதல் அங்கே எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாயிற்று.

சித்திரை வெயிலில் நான்குவழிச் சாலையில் ஏழு பேரோடு செல்லும் நமக்கும் இது பொருந்தும். ஈ.எஸ்.சி. இல்லாத உயரமான வண்டியை வாங்க வேண்டாம். குறைந்த விலை மாதிரியிலும் அது உண்டா என்று கேளுங்கள். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியுள்ள தாளில், முழுப் பாரத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது குறிக்கப்பட்டிருக்கும். புறப்படும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைச் சரிபாருங்கள். கனமான பெட்டிகளைத் தளத்தில் வையுங்கள். மூன்று வரிசையும் நிரம்பியபின் டிக்கியில் எஞ்சும் இடத்தையும் நேரில் காண வேண்டும். எர்ட்டிகாவில் அது 209 லிட்டர். 4 மீட்டருக்கு உட்பட்ட ரெனோ டிரைபரில் 84 லிட்டர் மட்டுமே. வீட்டுப் பெட்டிகளையே எடுத்துச் சென்று வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

வண்டியின் உயரம் இன்னொரு வகையிலும் துயரம் விளைவிக்கும். நியூயார்க் மாநிலத்தில் 2002-ஆம் ஆண்டு ஒரு தந்தை தம் எஸ்.யு.வி. வண்டியை வீட்டு வாயிலில் பின்னோக்கி நகர்த்தியபோது, பின்னால் வந்து நின்ற அவருடைய இரண்டு வயது மகன் அதன் அடியில் சிக்கி இறந்தான். உயர்ந்த பின்கண்ணாடி வழியே அச்சிறுவன் தெரியவில்லை. அக்குழந்தையின் பெயரால் 2008-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனாக 2018 மே முதல் அந்நாட்டின் புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்புறக் கேமரா கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்புற உணர்கருவி கட்டாயம். கேமரா இல்லாத வண்டியானால் அதைப் பொருத்திக்கொள்ளுங்கள். இருந்தாலும், பிள்ளைகள் எங்கே என்று ஒருவர் இறங்கிப் பார்த்துச் சொன்ன பின்பே பின்னோக்கி எடுப்பதை வீட்டு வழக்கமாக்குங்கள்.

தவணையின் நீளம்

இனிப் பணம். 2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. மாற்றி அமைக்கப்பட்டது. பெரிய எஸ்.யு.வி.க்களுக்கு முன்பு கூடுதல் வரியும் சேர்ந்து 50 விழுக்காடாக இருந்தது 40 ஆயிற்று. நீளம் 4 மீட்டருக்கு உட்பட்டு, பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்கும் டீசல் என்றால் 1500 சி.சி.க்கும் மேற்படாத கார்களுக்கு 18 விழுக்காடு. மூன்று வரிசை வண்டிகளுள் பெரும்பாலானவை 40 விழுக்காட்டில் அடங்கும். ஆக, நாம் தரும் விலையில் ஒரு பெரும்பகுதி வரியே.

15 இலட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்குவதாகக் கொள்வோம். ஐந்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 31,140 ரூபாய்; மொத்த வட்டி 3 இலட்சத்து 68 ஆயிரம். ஏழு ஆண்டு என்றால் மாதம் 24,130 ரூபாய். மொத்த வட்டி 5 இலட்சத்து 27 ஆயிரம். மாதத் தவணை குறைகிறதே என்று மகிழ்பவர், ஒன்றரை இலட்சத்துக்கு மேல் அதிகமாகத் தருகிறார். இன்று எட்டாம் வகுப்பில் உள்ள மகள் ஏழாவது ஆண்டில் கல்லூரியில் இருப்பாள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கல்லூரிக் கட்டணமும் தவணையும் ஒரே மாதத்தில் வரும்போது எதை நிறுத்துவது? காப்பீடு, டயர், பராமரிப்பு ஆகியவையும் வண்டியின் அளவுக்கேற்ப வளர்வன.

டீசல் வண்டி சிக்கனம் என்பது பழைய கணக்கு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின், டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி அமைக்கப்படுகிறது. அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓடினால்தான் அதில் சேரும் கரி எரிந்து தூய்மையாகும். பள்ளிக்கும் கடைவீதிக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். ஓட்டம் குறைவாக உள்ள வீட்டிற்குப் பெட்ரோலோ, பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த ஹைப்ரிட் வகையோ பொருத்தமாகும்.

முடிவு எடுக்கும் நாள்

இவ்வளவும் பார்த்தபின், ஒரு மாலை வேளையில் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமருங்கள். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வையுங்கள். வண்டி ஓட்டுபவர் கடைசியாகப் பேசட்டும். மூன்றாம் வரிசையில் அமரப்போகும் பிள்ளைகளும், அங்கே அமர்ந்து பார்த்த பாட்டியும் முதலில் தம் கருத்தைச் சொல்லட்டும். "எனக்கு எங்கே என்றாலும் சரி" என்று பாட்டி சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். முழங்கால் எங்கே இடித்தது, இறங்கும்போது யார் கையைப் பிடித்தார்கள், தலை எதில் தட்டியது என்று கேளுங்கள். முதியோர் தம் வசதிக்காக வாய்திறந்து கேட்பவர் அல்லர் என்பதை நாம் எல்லாரும் அறிவோம்.

அவர்கள் மனமொப்பிச் சரி என்றால், தவணையும் தாங்கும் என்றால், அந்த வண்டியை வாங்குங்கள். அவ்வாறு இல்லையெனில் இன்னும் ஓராண்டு பொறுத்திருப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. வாங்கிய பின்போ, புறப்படும் ஒவ்வொரு முறையும், ஓட்டுபவர் சாவியைத் திருப்பும் முன் பின்னால் திரும்பி, "கடைசி வரிசையில் எல்லாரும் பெல்ட் போட்டாயிற்றா?" என்று ஒருமுறை கேட்கட்டும். ஆம் என்ற குரல் வந்த பிறகு வண்டி நகரட்டும்.